தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர் மனப்பான்மையும் கற்பித்தல் திறனும்: அளவீட்டு ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தனியார் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களின் மனப்பான்மைக்கும் கற்பித்தல் திறனுக்கும் இடையிலான உறவை வினாநிரல் வழியே அளக்கும் ஆய்வுகள் கல்வியியல், மேலாண்மையியல் துறைகளில் தொடர்ந்து மேற்கொள்ளப்படுகின்றன. இக்கட்டுரை அவ்வகை ஆய்வுகள் கைக்கொள்ளும் அளவீட்டு முறையைத் தமிழ்நாட்டுச் சூழலில் வைத்துத் திறனாய்வு செய்கிறது. மனப்பான்மை, கற்பித்தல் திறன் ஆகிய இரண்டையும் ஆசிரியரின் தன்மதிப்பீட்டைக் கொண்டே அளப்பது, நிறுவனச் சூழலை மாறியாகக் கொள்ளாமை, தேர்ச்சி விழுக்காட்டையும் மாணவர் பின்னூட்டத்தையும் திறனின் சான்றாக ஏற்பது ஆகிய மூன்று குறைகள் சுட்டப்படுகின்றன. இக்குறைகளால் நிறுவனம் ஏற்க வேண்டிய பொறுப்பு ஆசிரியரின் மனத்தின்மீது சுமத்தப்படுகிறது என்பது கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: மனப்பான்மை, கற்பித்தல் திறன், தன்மதிப்பீடு, சுயநிதிக் கல்லூரி, தேர்ச்சி விழுக்காடு, பணிச்சூழல்

முன்னுரை

தமிழ்நாட்டில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. 2001இல் அண்ணா பல்கலைக்கழகம் இணைவு வழங்கும் பல்கலைக்கழகமாக மாற்றப்பட்டபின் இக்கல்லூரிகள் ஒரே பாடத்திட்டத்தின்கீழும் ஒரே தேர்வு முறையின்கீழும் வந்தன. 2010இல் அறிமுகமான முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021இல் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உயர்கல்வி அறியாத குடும்பங்களின் பிள்ளைகளை இக்கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தன. வீட்டில் பாடம் சொல்லித்தர ஒருவருமில்லாத அம்மாணவனுக்கு வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே முதன்மையான துணை. ஆகவே, அவ்வாசிரியர் எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறார், எது அவரை நன்றாகக் கற்பிக்கச் செய்கிறது என்னும் வினாக்கள் முக்கியமானவை. அவ்வினாக்களுக்கு நம் ஆய்வுகள் தரும் விடை நம்பத்தக்கதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுகளின் பொது அமைப்பு

இத்துறை ஆய்வேடுகளைப் படிப்போர் அவற்றின் பொது அமைப்பை நன்கறிவர். ஒன்றிரண்டு மாவட்டங்களில் சில கல்லூரிகள் தெரிவு செய்யப்படும். ஆசிரியர்கள் சில நூற்றுவரிடம் லிக்கர்ட் முறையிலான இரண்டு அளவுகோல்கள் அளிக்கப்படும். பாலினம், மணநிலை, வாழிடம், கல்வித் தகுதி, பணி அனுபவம் ஆகியவற்றின் அடிப்படையில் இன்மைக் கருதுகோள்கள் அமைக்கப்பட்டுச் சோதிக்கப்படும். இறுதியில் மனப்பான்மைக்கும் கற்பித்தல் திறனுக்கும் நேர்மறை ஒட்டுறவு உண்டு என்ற முடிவும், ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சிகள் நடத்தப்பட வேண்டும் என்ற பரிந்துரையும் இடம்பெறும்.

இவ்வமைப்பு எளிமையானது, வரையறுத்த காலத்திற்குள் ஆய்வை முடிக்க உதவுவது. எனினும், முடிவு முன்கூட்டியே ஊகிக்கத்தக்கதாக இருக்கும்போது, அம்முடிவைத் தருவது களமா கருவியா என்ற ஐயம் எழுகிறது.

அளவுகோல்களின் ஏற்புடைமை

இந்தியக் கல்வியியல் ஆய்வுகளில் பரவலாகக் கையாளப்படும் கருவிகளுள் ஒன்று அலுவாலியாவின் ஆசிரியர் மனப்பான்மை அளவுகோல். 90 கூற்றுகள் கொண்ட இக்கருவியின் ஆறு உட்பிரிவுகளுள் ஒன்று குழந்தைமையக் கல்வி நடைமுறைகள் பற்றியது. பள்ளி ஆசிரியரை மனத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட கருவியைப் பொறியியல் கல்லூரிக்குக் கொண்டுவரும்போது, ‘குழந்தை’ என்ற சொல்லை ‘மாணவர்’ என்று மாற்றிவிட்டால் போதும் என்று கருதுவது பொருந்தாது. ஆய்வகத்தில் பழுதான கருவியை வைத்துக்கொண்டு சோதனை நடத்துவது, தொழிலகத்தில் வழக்கொழிந்த முறையைப் பாடத்திட்டம் கேட்பதால் கற்பிப்பது, முன்பின் படித்திராத பாடத்தைப் பருவத் தொடக்கத்திற்குச் சில நாள் முன்னர் ஏற்பது போன்றவை பொறியியல் ஆசிரியரின் அன்றாடம். இவற்றின்பால் அவருக்குள்ள மனப்பான்மையை அறிய அத்தகைய கருவியில் இடமில்லை.

கற்பித்தல் திறனை அளக்க உம்மே குல்சூமின் அளவுகோல் போன்றவை பயன்படுகின்றன. இது பாடத் தயாரிப்பும் திட்டமிடலும், வகுப்பறை மேலாண்மை, பாட அறிவு, ஆசிரியரின் பண்புகள், பிறருடனான உறவு என்னும் ஐந்து கூறுகளைக் கொண்டது. கூறுகள் ஐந்தும் பொருத்தமானவையே. ஆனால், இத்தகைய அளவுகோலை நிரப்புபவர் பெரும்பாலும் ஆசிரியரே. ‘கற்பித்தலை நான் விரும்புகிறேன்’ என்று முதல் தாளில் குறித்தவர், ‘நான் நன்கு தயாரித்துக்கொண்டு வகுப்பிற்குச் செல்கிறேன்’ என்று இரண்டாம் தாளிலும் குறிப்பார். தம்மைப் பற்றி உயர்வாகக் கூறும் இயல்புடையவர் இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் பெறுவார். அடக்கமாகக் கூறுபவர் இரண்டிலும் குறைந்த மதிப்பெண் பெறுவார். இவ்வாறு கிடைக்கும் ஒட்டுறவு மனப்பான்மைக்கும் கற்பித்தலுக்கும் இடையிலான உறவைக் காட்டுகிறதா, ஒரே மனிதரின் பேச்சில் உள்ள ஒருமையைக் காட்டுகிறதா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. கருவியின் நம்பகத்தன்மைக் கெழு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் இக்குறை நீங்காது. நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு.

வினாநிரல் சென்றுசேரும் வழியும் கருதத்தக்கது. பெரும்பாலும் அது முதல்வரின் இசைவுடன் துறைத்தலைவர் வழியாக வழங்கப்பட்டு, அதே வழியில் திரும்பப் பெறப்படுகிறது. பெயர் எழுத வேண்டாம் என்று குறிப்பிட்டிருந்தாலும், ஆறேழு பேர் பணிபுரியும் துறையில் பாலினம், வயது, தகுதி, அனுபவம் ஆகியவற்றைக் குறித்தபின் எழுதியவர் யார் என்பது மறைபொருள் அன்று. ஆண்டுதோறும் பணி நீட்டிப்பை எதிர்நோக்கியிருப்பவர் அத்தாளில் மனக்குறையை எழுதுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

புள்ளியியல் முடிவும் அதன் பொருளும்

300 ஆசிரியர்களைக் கொண்ட மாதிரியில் ஒட்டுறவுக் கெழு 0.12 என அமைந்தாலே அது 5 விழுக்காட்டு மட்டத்தில் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கதாகிவிடும். அக்கெழுவின் வர்க்கம் 0.0144. அதாவது, ஆசிரியர்களிடையே கற்பித்தல் திறனில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு மட்டுமே மனப்பான்மை வேறுபாட்டுடன் இணைந்துள்ளது. எஞ்சிய தொண்ணூற்றெட்டரை விழுக்காட்டிற்குக் காரணம் யாது என்ற வினா எழுப்பப்படாமலேயே ‘குறிப்பிடத்தக்க உறவு உண்டு’ என்ற தொடரோடு இயல் நிறைவடைந்தால், படிப்பவர் மனத்தில் பதிவது உண்மைக்கு மாறான சித்திரமே.

அவ்வாறே, ஒன்றையொன்று சாராத பத்துக் கருதுகோள்களை 5 விழுக்காட்டு மட்டத்தில் தனித்தனியே சோதிக்கும்போது, உண்மையில் எவ்வேறுபாடும் இல்லாத நிலையிலும் ஒன்றேனும் ‘குறிப்பிடத்தக்கது’ எனத் தற்செயலாக வெளிப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. மணமானவர்க்கும் மணமாகாதவர்க்கும் இடையே வேறுபாடு உண்டு என்பது போன்ற, விளக்கம் சொல்ல இயலாத சில முடிவுகள் இவ்வழியில் தோன்றியிருக்கக்கூடும்.

இவற்றினும் அடிப்படையான சிக்கல் ஒன்றுண்டு. ஒரே கல்லூரியில் பணிபுரியும் ஆசிரியர்கள் ஒரே நிருவாகம், ஒரே ஊதிய நடைமுறை, ஒத்த மாணவர் கூட்டம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்பவர்கள். அவர்களைத் தொடர்பற்ற தனியர்களாகக் கொண்டு கணக்கிடுவது தவறு. கல்லூரிகளுக்கிடையிலான வேறுபாட்டையும் ஒரே கல்லூரிக்குள்ளான வேறுபாட்டையும் பிரித்தறியும் பல்மட்டப் பகுப்பாய்வு இங்கு இன்றியமையாதது.

மனப்பான்மையும் செயலும்

மனப்பான்மை செயலாக வெளிப்படும் என்ற கருத்து உளவியலில் நெடுங்காலத்திற்கு முன்பே ஐயுறப்பட்டது. அமெரிக்கச் சமூகவியலறிஞர் ரிச்சர்டு லாப்பியர் சீனத் தம்பதியர் ஒருவருடன் அந்நாட்டில் பயணம் செய்து, 1934இல் அவ்வனுபவத்தை ஆய்வாக வெளியிட்டார். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் ஓரிடத்தில் மட்டுமே அவர்கள் மறுக்கப்பட்டனர். பின்னர், சீனர்களை ஏற்பீர்களா என்று அவ்விடங்களுக்கு அஞ்சலில் வினவியபோது, விடையளித்தோரில் தொண்ணூறு விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் மறுத்து எழுதினர். தாளில் எழுதுவதும் நேரில் செய்வதும் வேறுபடலாம் என்பதற்கு இது நெடுநாளாக எடுத்துக்காட்டப்படுகிறது.

அய்சென் 1991இல் விரிவாக முன்வைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இவ்விடைவெளியை விளக்க முயல்கிறது. ஒருவரின் மனப்பான்மையோடு, சூழ்ந்திருப்போர் அவரிடம் எதிர்பார்ப்பது என்ன, அச்செயலைச் செய்வது தம் கையில் உள்ளதாக அவர் உணர்கிறாரா என்னும் இரண்டும் சேர்ந்தே செயலைத் தீர்மானிக்கின்றன என்பது அக்கோட்பாட்டின் சாரம். நம் ஆய்வுகள் முதற்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகின்றன. தனியார் பொறியியல் கல்லூரியைப் பொறுத்தவரை விடப்பட்ட அவ்விரண்டே மிகுதியும் ஆராயப்பட வேண்டியவை.

பொருட்களின் வலிமை என்னும் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். சுமை தாங்கும் உத்திரம் ஏன் வளைகிறது என்பதை ஒரு மர அளவுகோலை வளைத்துக் காட்டி, மாணவரையே வரைபடம் வரையச் செய்து விளக்க அவர் விரும்புகிறார். அதற்கு இரண்டு பாடவேளைகள் தேவை. ஆனால், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்குள் குறித்த அலகுகளை முடிக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களிலிருந்து இரண்டு மதிப்பெண் வினாக்களைத் தொகுத்து விடையுடன் வழங்க வேண்டும். தேர்ச்சி குறைந்தால் விளக்கம் எழுதித்தர வேண்டும். அவர் வினாவிடைத் தொகுப்பையே வழங்குகிறார். அவரது மனப்பான்மையில் குறையில்லை. அதனைச் செயற்படுத்தும் உரிமை அவரிடம் இல்லை.

நிறுவனச் சூழல்: விடுபட்ட மாறி

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் பொறியியல் பட்டப் படிப்பிற்கான ஆசிரியர் - மாணவர் விகிதத்தை 1:15 என்பதிலிருந்து 1:20 என மாற்றியது. ஆண்டுக்கு 60 மாணவர் வீதம் நான்காண்டுகளுக்கு 240 மாணவர் பயிலும் ஒரு பாடப்பிரிவிற்கு முன்பு 16 ஆசிரியர் தேவைப்பட்ட இடத்தில் 12 பேர் போதும் என்றாயிற்று. குறைந்த நால்வரின் பணி எஞ்சியோரிடையே பகிரப்பட வேண்டும். அத்துடன் தர மதிப்பீட்டிற்கான ஆவணங்கள், பாடக் கோப்புகள், கற்றல் விளைவுகளைக் கணக்கிடும் அட்டவணைகள் ஆகியவற்றைத் தயாரிப்பதும் ஆசிரியரின் கடமையாகிறது. சேர்க்கைக் காலத்தில் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் சென்று மாணவரைத் திரட்டும் பணியும் பல கல்லூரிகளில் ஆசிரியர்மீதே விழுகிறது.

ஆசிரியர் பட்டியலே கேள்விக்குள்ளான நிகழ்வும் உண்டு. 2023-24ஆம் கல்வியாண்டில் 224 கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டுள்ளனர் என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் குற்றஞ்சாட்டியது. அண்ணா பல்கலைக்கழகம் அதுகுறித்து விசாரணைக் குழு அமைத்தது. இச்செய்தி ஆய்வாளர்க்கு இருவகையில் முக்கியமானது. ஆசிரியர் பட்டியலை முழுத்தொகுதியாகக் கொண்டு மாதிரி எடுக்கும் ஆய்வின் அடித்தளம் ஐயத்திற்குரியதாகிறது. தாளில் மட்டும் இருக்கும் ஆசிரியரின் வகுப்புகளை நேரில் இருக்கும் ஆசிரியரே நடத்தியாக வேண்டும் என்பதால், உண்மையான பணிச்சுமை ஆவணங்களில் காணப்படுவதினும் மிகுதியாக இருக்கக்கூடும்.

இச்சூழலை விட்டுவிட்டு மனப்பான்மையை மட்டும் அளந்து, ‘பயிற்சி தேவை’ என்று பரிந்துரைப்பது நிருவாகத்திற்கு வசதியானது. ஒருநாள் பயிலரங்கம் நடத்துவதற்கு ஆகும் செலவு, நான்கு ஆசிரியரைக் கூடுதலாக நியமிப்பதற்கு ஆகும் செலவினும் மிகக் குறைவு.

தேர்ச்சி விழுக்காடு

தன்மதிப்பீட்டின் குறையை உணர்ந்த சிலர் தேர்ச்சி விழுக்காட்டைக் கற்பித்தல் திறனின் புறச்சான்றாகக் கொள்வர். இதிலும் இடர்ப்பாடுகள் உள்ளன. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படும் தரவரிசையில் முன்னிற்போர் தமக்கு விருப்பமான கல்லூரிகளைக் கலந்தாய்வில் முதலில் எடுத்துக்கொள்கின்றனர். எஞ்சிய இடங்களில் பின்வருவோர் சேர்கின்றனர். முதல் வகைக் கல்லூரியில் 90 விழுக்காட்டுத் தேர்ச்சி பெறுவதும் இரண்டாம் வகைக் கல்லூரியில் 50 விழுக்காட்டுத் தேர்ச்சி பெறுவதும் ஒப்பிடத்தக்கவை அல்ல. நுழைவு மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளாத ஒப்பீடு, கற்பித்தலை அளப்பதாகக் கூறிக்கொண்டு சேர்க்கையை அளக்கிறது.

மேலும், தன்னாட்சிக் கல்லூரி தன் தேர்வுகளைத் தானே நடத்துகிறது. அதன் தேர்ச்சி விழுக்காட்டை இணைவுக் கல்லூரியின் தேர்ச்சி விழுக்காட்டோடு ஒரே அட்டவணையில் வைப்பது முறையன்று. இணைவுக் கல்லூரிகளிலும், கருத்தியல் பாடங்களில் ஒழுங்குமுறை 2017இன்படி 20 ஆக இருந்த உள்மதிப்பீட்டுப் பங்கு ஒழுங்குமுறை 2021இன்படி 40 ஆக உயர்ந்துள்ளது. இம்மாற்றம் ஆசிரியரின் மதிப்பிடும் உரிமையை விரிவாக்குகிறது. அவ்வுரிமையின்மீது நிருவாகம் செலுத்தக்கூடிய அழுத்தத்திற்கும் இடமளிக்கிறது. இரு காலத் தேர்ச்சியையும் ஒப்பிடும் ஆய்வு இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

மாணவர் பின்னூட்டம்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் ஆசிரியரை மதிப்பிடும் 100 புள்ளிகளுள் மாணவர் பின்னூட்டத்திற்கு 25 புள்ளிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. மாணவரின் குரல் கேட்கப்பட வேண்டியதே. ஆயினும், அது கற்றலின் அளவா என்பது வேறு வினா. காரெல், வெஸ்ட் ஆகியோர் அமெரிக்க வான்படைக் கல்விக்கழகத்தில் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. அங்கு மாணவர்கள் ஆசிரியர்களிடம் தற்செயல் முறையில் பிரித்தளிக்கப்படுகின்றனர், தேர்வும் பொதுவானது. நடப்புப் பாடத்தில் மாணவர்க்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கச் செய்த ஆசிரியர்கள் நல்ல பின்னூட்டம் பெற்றனர். ஆனால், அடுத்துவரும் மேல்நிலைப் பாடத்தில் மாணவரைச் சிறக்கச் செய்தவர்கள் வேறு ஆசிரியர்களாக இருந்தனர்; அவர்களின் பின்னூட்ட மதிப்பெண் குறைவாகவே இருந்தது. ஆழமாகக் கற்பிப்பவர் அப்பொழுதைக்குக் கடினமானவராகத் தோன்றுவது நம் வகுப்பறைக்கும் புதிதன்று. அந்நாட்டு முடிவை அப்படியே இங்குப் பொருத்த இயலாது எனினும், அவ்வாய்வின் வினா இங்கும் கேட்கத்தக்கதே.

அளவுகோலில் இடம்பெறாத மொழி

தமிழ்வழியில் பயின்று வரும் மாணவர்கள் நிறைந்த வகுப்பில், ஆங்கிலத்தில் பாடத்தைச் சொல்லி முடித்தபின் தமிழில் மீண்டும் விளக்கும் ஆசிரியர் கற்பித்தல் திறன் மிக்கவரா? மாணவரைக் கேட்டால் ஆம் என்பர். வகுப்பறையில் ஆங்கிலம் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்று வலியுறுத்தும் நிருவாகம் அதனைக் குறையாகக் கருதும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும், தனியார் கல்லூரிகளின் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலமாகவே தொடர்கிறது. பிற சூழலில் உருவான அளவுகோல்களை மொழிபெயர்த்தோ மொழிபெயர்க்காமலோ கையாளும்போது, நம் வகுப்பறையில் நாள்தோறும் நிகழும் இம்முக்கியமான கற்பித்தற் செயல் அளவீட்டிற்கே வராமற் போகிறது.

ஓர் எதிர்வாதம்

ஒரே கல்லூரியில், ஒரே பணிச்சுமையில், ஒருவர் நன்றாகக் கற்பிக்க மற்றொருவர் அவ்வாறு கற்பிக்காதிருப்பதைக் காண்கிறோமே. மனப்பான்மைதானே காரணம் என்று வினவலாம். இவ்வினா நியாயமானது. அதற்கு விடைகாண, ஒரே கல்லூரிக்குள் ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களை ஒப்பிட வேண்டும். பல கல்லூரி ஆசிரியர்களைக் கலந்து கணக்கிட்டால் விடை கிட்டாது. பயிற்சியின் தேவையும் மறுக்கத்தக்கதன்று. பள்ளியில் பட்டதாரி ஆசிரியராவதற்குக் கல்வியியல் பட்டம் வேண்டும். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நியமனம் பெறுவதற்குக் கற்பித்தலில் முன்பயிற்சி தேவையில்லை. இக்குறையைக் களையவே புதிய ஆசிரியர்களுக்கு எட்டுத் தொகுதிகள் கொண்ட பயிற்சித் திட்டம் கொண்டுவரப்பட்டது. அப்பயிற்சியில் கற்றதை வகுப்பறையில் செயற்படுத்த நேரமும் உரிமையும் அளிக்கப்படுகின்றனவா என்பதையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் பயிற்சியின் பயன் தெளிவாகும்.

முடிவுரை

மேற்கண்ட திறனாய்விலிருந்து, இத்துறையில் இனி மேற்கொள்ளப்படும் ஆய்வுகள் பின்வருவனவற்றைக் கருத்திற்கொள்ளலாம் எனத் துணியப்படுகிறது. மனப்பான்மையை ஆசிரியரிடமும் கற்பித்தல் திறனை வேறொரு சான்றிலிருந்தும் பெறுதல் வேண்டும். வகுப்பறை நோக்கலும், அடுத்த பருவத்தின் தொடர்பாடத்தில் மாணவர் பெறும் அடைவும் அச்சான்றாகலாம். மாணவரின் நுழைவு மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்தல் வேண்டும். வாரத்தில் ஆசிரியர் ஏற்கும் பாடவேளைகள், ஒரே பாடத்தைத் தொடர்ந்து கற்பித்த ஆண்டுகள், ஆவணப் பணிக்குச் செலவிடும் நேரம், பணிப் பாதுகாப்பு, பயிற்றுமொழி ஆகியவற்றை மாறிகளாகக் கொள்ளல் வேண்டும். வினாநிரலைக் கல்லூரி நிருவாகத்தின் கைபடாமல் வழங்கிப் பெறுதல் வேண்டும்.

இவை ஆய்வைக் கடினமாக்கும். மாதிரியின் எண்ணிக்கையையும் குறைக்கக்கூடும். ஆயினும், ஆய்வு முடிவு ஒரு மனிதரின் பணி மதிப்பீட்டிற்கும் பணி நீட்டிப்பிற்கும் ஆதாரமாகக் காட்டப்படும் நிலையில், அம்முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதற்கு ஆய்வாளரே பொறுப்பாவார். ஆசிரியரின் மனத்தை அளக்க முற்படும் நாம், அவர் நின்று பணியாற்றும் இடத்தையும் அதே அக்கறையோடு அளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.